ஜெபக்குறிப்பு யாருடையது?



சபையார் சமூக ஊடகத்தைப் பத்திரமாகப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1979-இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு மூத்த ஊழியர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தம்பி, ஊர்ச் செய்தி எல்லாம் உன் கை வழியாப் போகும். ஒண்ணுகூட வாய் வழியா வெளிய போகக் கூடாது" என்றார். அது அவருடைய புத்திமதி மட்டும் இல்லை, சட்டமும் அதுதான். தந்தியில் வந்த செய்தியை ஊழியர் வெளியே சொன்னால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 1885-ஆம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் கனம் எனக்கு ஒரு சாயங்காலம் புரிந்தது. தகப்பனார் இறந்துபோன தந்தி ஒன்றை எழுதி, கொண்டுபோய்க் கொடுக்க அனுப்பிவிட்டு, டீ குடிக்க வெளியே வந்தேன். அந்தத் தந்தி யாருக்குப் போகிறதோ அவர் எதிர்க் கடையில் சிரித்துப் பேசிக்கொண்டு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது அவருக்கு இன்னும் தெரியவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தி அவருடையது. அவர் வீட்டு வாசலில், அவர் பெயரைக் கூப்பிட்டு, அவர் கையில் கொடுக்கப்பட வேண்டியது.

2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. 2018-இல் நான் ஓய்வு பெற்றேன். முப்பத்தொன்பது வருடம் காத்த அந்த ஒழுங்கை நான் மீறியது ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவும் சபைக்காக, ஜெபத்துக்காக, நல்ல எண்ணத்தோடு.

2020-ஆம் வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுவதும் அடைப்பு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு; ஓலை பிடித்துத் தெருவில் பாடிக்கொண்டு போக ஒரு பிள்ளை இல்லை. ஏப்ரல் 12 உயிர்த்தெழுந்த ஞாயிறு. விடியற்கால ஆராதனைக்கு மணி மட்டும் அடித்தது. அந்த நாட்களில்தான் நம் சபைக்கு வாட்ஸ்அப் குழு வந்தது. அப்போது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. எனவே வீட்டுக்கு ஒரு நம்பர் என்று வாங்கினோம். பெரும்பாலான வீடுகளில் மகன் போன் அல்லது பேரன் போன். அம்மாவுக்கு என்று அனுப்பிய செய்தி மகன் கையில் போய் விழுகிறது என்பதை அன்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

அந்தக் குழு நமக்குச் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். படுக்கையில் கிடந்தவர்கள் ஆராதனையைக் கேட்டார்கள். துபாயில் இருந்த பிள்ளைகள் தாயின் அடக்க ஆராதனையைப் போனில் பார்த்து அழுதார்கள். அதற்கும் வழி இல்லாமல் போயிருந்தால் அந்தத் துக்கம் இன்னும் கொடிதாக இருந்திருக்கும். யாருக்கு அரிசி வேண்டும், யாருக்கு மாத்திரை வேண்டும் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. குழுவைக் கலைத்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

இனி நான் செய்த தவறு.

நம் சபையில் ஒரு தாயார். பெயர் வேண்டாம், அடையாளமும் வேண்டாம்; அவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன அளவுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கல்யாணமாகிப் போன மகள் மனஸ்தாபத்தில் வீடு திரும்பியிருந்தாள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று, "அண்ணாச்சி, பிள்ளைக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்று கண் கலங்கிச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல், குழுவில் எழுதினேன்: இன்னாருடைய மகளின் குடும்ப வாழ்வு சமாதானமாக ஜெபிக்கவும். இரண்டு கைகூப்பிய படம் வேறு. வரிசையாக ஆமென், ஆமென் என்று வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

இருட்டுவதற்குள் அந்த வரி ஸ்கிரீன்ஷாட்டாக மாப்பிள்ளை வீட்டாருக்குப் போய்விட்டது. நம் குழுவில் இருந்த ஒருவருக்கு அந்த ஊரில் கொண்டான் கொடுத்தான் உறவு, அவ்வளவுதான். 'எங்கள் வீட்டு விஷயத்தைச் சபையில் ஏலம் போட்டார்கள்' என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேசித் தீர்ந்திருக்கக்கூடிய காரியம் இறுகிப்போனது. அந்தத் தாயார் எட்டு மாதம் ஆலயத்துக்கு வரவில்லை. நானும் என் மனைவியும் வீடு தேடிப் போனோம். காப்பி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுக் கேட்டார்கள்: "அண்ணாச்சி, நான் உங்ககிட்டதான சொன்னேன்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எதிர்க் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிய மனுஷன் முகம் ஞாபகம் வந்தது. இன்றைக்கு நான் பேச ஒத்துக்கொண்டதே அந்தக் கேள்விக்காகத்தான்.

நம் திருச்சபைக்கு இந்த ஒழுங்கு புதிது இல்லை என்பதைக் கவனியுங்கள். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு சத்தமாக வாசிக்கிறோம். எல்லாருக்கும் தெரிய வேண்டும், தடை இருந்தால் எழுந்து சொல்ல வேண்டும் என்பதற்காகவே வாசிக்கிறோம். அசனம் என்கிற சபை விருந்துக்கு எத்தனை மூடை அரிசி வந்தது, யார் கொடுத்தார்கள் என்பதையும் வாசிக்கிறோம். ஆனால் அதே ஆலயத்தில் வெஸ்ட்ரி என்று ஒரு சின்ன அறை வைத்திருக்கிறோம். அங்கே நம் குருவானவரான ஐயரிடம் அழுதுகொண்டு சொன்னது பிரசங்க பீடத்துக்கு வராது. பீடம், வெஸ்ட்ரி, வாசல்படி, வீட்டு ஜெபம் என்று ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் இடம் நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. போனில் இந்த எல்லா இடமும் ஒரே உயரம், ஒரே நிறம். விரல் தவறினால் வெஸ்ட்ரியில் சொன்னது பீடத்துக்குப் போய்விடுகிறது.

"வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாதாமே, பிறகென்ன பயம்?" என்று ஒரு தம்பி கேட்டார். உண்மைதான். 2016-லிருந்து அனுப்புகிறவர் போனிலிருந்து வாங்குகிறவர் போன் வரை செய்தி பூட்டித்தான் போகிறது. ஆனால் அந்தப் பூட்டு வழியில்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்துதான் கிடக்கும். முந்நூறு பேர் குழு என்றால் முந்நூறு போன். அதில் சில, பாஸ்வேர்டு இல்லாத போன். சில, பேத்தி கார்ட்டூன் பார்க்கும் போன். சில, ரிப்பேருக்குக் கடையில் கொடுத்த போன். வழியில் திருடன் இல்லை என்பதால் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்க முடியுமா?

எனவே நம் சபையில் ஜெபக்குறிப்புக்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். வேறு சபையாரும் வந்திருப்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். யாருக்காக ஜெபிக்கச் சொல்கிறோமோ அவரிடமே கேட்க வேண்டும். அவருடைய அக்காவிடமோ அயல்வீட்டாரிடமோ கேட்டால் போதாது. "குழுவில் போடலாமா?" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. போடப்போகும் வாக்கியத்தையே வாசித்துக்காட்ட வேண்டும். வியாதியின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர், வார்டு நம்பர், மருந்துச் சீட்டின் படம், இவை போகக் கூடாது. வார்டு நம்பர் போட்டால் அன்று மாலையே முப்பது பேர் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து நிற்பார்கள். அது அன்புதான், ஆனால் ஆபரேஷன் முடிந்து கிடக்கிறவருக்கு அது வேதனை. புற்றுநோய், குழந்தையின்மை, மனநோய், குடி, கடன், கல்யாணத் தகராறு, இந்த ஆறும் அவர் தாமாக வற்புறுத்திச் சொன்னாலொழிய குழுவுக்குப் போவதில்லை. அவற்றுக்காக ஜெபிக்க எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஐயரம்மா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேச்சாகச் சொல்லிவிடுவார்கள். அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

"பெயர் சொல்லாமல் எப்படி ஜெபிப்பது?" என்று ஒரு பாட்டி கேட்டார்கள். கர்த்தருக்கு முகவரி தெரியும் பாட்டி என்றேன். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. இன்றும் எனக்குப் போன் போட்டு, "அது யாருன்னு என்கிட்ட மட்டும் சொல்லு" என்று கேட்பார்கள்.

குழுவை அமைக்கிற முறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்புக்கு ஒரு குழு. அதில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைத்துவிடுங்கள். பேசிக்கொள்ள வேண்டுமென்றால் பாடகர் குழு, வாலிபர் சங்கம் என்று சிறுசிறு குழு. சேரும் லிங்க்கை ஃபேஸ்புக்கில் ஒட்டாதீர்கள். அது நடுரோட்டில் வைத்த சாவி. அட்மின் ஒருவர் மட்டும் என்றால் அவர் போன் தொலைந்த அன்று சபையே திகைத்து நிற்கும், மூன்று பேர் இருக்கட்டும். உறுப்பினர் போடும் தவறான பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. சட்டம் விட்டுவிட்டாலும் மேய்ப்பின் பொறுப்பு விடாது. அசிங்கமான படம் ஒன்று வந்தால் அட்மின் அதை எல்லார் போனிலிருந்தும் அழிக்க முடியும். உடனே அழியுங்கள், யார் போட்டது என்று பிறகு விசாரியுங்கள். பல நேரம் அது அவர் போனைப் பிடித்தவனின் வேலையாக இருக்கும்.

காமிரா பற்றிச் சற்று நிறுத்திப் பேச வேண்டும்.

யூடியூபில் நேரலை செய்கிறோம். காமிரா எங்கே திரும்புகிறது? திருவிருந்தில் முழங்காற்படியிட்டு அழுகிற ஒரு விதவைத் தாயின் முகத்துக்குப் போகிறது. எடுக்கிற தம்பிக்கு அது உருக்கமான காட்சி. அந்த அம்மாளுக்கு அது அவர்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவே உள்ளது. நேரலை முடிந்தாலும் வீடியோ அங்கேயே கிடக்கும். பத்து வருடம் கழித்து அவர்கள் பேரனின் சிநேகிதன் பார்ப்பான். இன்னொன்றும் உண்டு. நம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆராதனைக்கு வருவது அவர்கள் வீட்டுக்குத் தெரியாது. அவர்கள் நம்பி வந்த இடத்தில் நாமே காட்டிக்கொடுக்கலாமா? காமிராவை ஸ்டாண்டில் பூட்டிப் பீடத்தைப் பார்க்க வையுங்கள். சபையாரைக் காட்டத்தான் வேண்டுமென்றால் பின்னாலிருந்து காட்டுங்கள். காமிராவில் விழாத இரண்டு வரிசை எவை என்று வாசலில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகள் காரியம் இதைவிடப் பெரிது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது வி.பி.எஸ். நடத்துகிறோம். வசன ஒப்புவித்தலில் பரிசு வாங்கிய பிள்ளையின் படம், அதன் கீழே பெயர், வகுப்பு, அப்பா பெயர், ஊர். யூனிபாரத்தில் வந்திருந்தால் பள்ளிக்கூட பேட்ஜும் தெரியும். அந்தப் பிள்ளையைப் பள்ளி வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பா அனுப்பினார்" என்று சொல்ல ஓர் அந்நியனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? படம் வேண்டும், எனக்கும் ஆசைதான். குழுவாக நிற்கும் படம் போடுங்கள், பெயர் போடாதீர்கள். வி.பி.எஸ். பெயர்ப் பதிவுத் தாளிலேயே, படத்தை எங்கே போடலாம், போடக் கூடாது என்று பெற்றோர் குறிக்க ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். வேண்டாம் என்று குறித்த பெற்றோரிடம் காரணம் கேட்காதீர்கள்.

சண்டே ஸ்கூல் ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் சரி. நல்ல ஆசிரியருக்கும் இதுதான் பாதுகாப்பு. வசனப் பாடமோ பாட்டுப் பயிற்சியோ, தாயோ தகப்பனோ இருக்கிற குழுவில் போகட்டும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் தங்கள் விதியிலேயே 13 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை; ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பிறந்த வருடத்தை மாற்றிக் கணக்குத் திறந்துகொடுக்கும் தகப்பன் ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஒரு பிள்ளைக்கு யாராவது ஆபாசப் படம் அனுப்பினார்கள், படம் கேட்டு மிரட்டினார்கள், தொட்டார்கள் என்று தெரிந்தால், அதைக் கமிட்டிக்குள் பேசித் தீர்க்கிற அதிகாரம் நமக்குக் கிடையாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தவர் யாராயிருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதும் குற்றம். குழந்தைகள் உதவிக்கு 1098. 'சபையின் பெயர் கெட்டுவிடுமே' என்று தயங்கும்போது, அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பதை நினையுங்கள். அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது, "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல, கண்ணு. சொன்னது நல்லது" என்பதுதான்.

பணத்துக்கு வருகிறேன். ஐயர் படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துப் புது நம்பரில் ஒட்டி, "அவசரம், ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஆபரேஷன், பத்தாயிரம் அனுப்புங்கள், மீட்டிங்கில் இருக்கிறேன், கூப்பிட வேண்டாம்" என்று செய்தி வருகிறது. அந்தக் கடைசி வரிதான் அடையாளம். பணம் கேட்கிறவர் பேச மறுத்தால் அவர் ஐயர் இல்லை.

இந்தத் திருட்டும் பழையது. தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தை வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். தன் பேரில் வேறு யாரோ எழுதிய கடிதத்தால் சபை கலங்கிவிடக் கூடாதே என்று பவுல் கவலைப்படுகிறார். முடிவில் வாழ்த்துதலைத் தன் கைப்பட எழுதி, தன்னுடைய எல்லா நிருபத்துக்கும் அதுதான் அடையாளம் என்று தெரிவிக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்குத் தர்மப்பணம் சேர்த்தபோதோ, தான் ஒருவராகவே வாங்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவையும், சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் அதில் சேர்க்கிறார். ஒருவரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். எனக்கு அந்த இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம் கணக்கர் எழுதியதுபோலவே இருக்கும். நம் சபையில் இப்போது பணம் கேட்கும் எந்த அறிவிப்பும் ஞாயிற்றுக்கிழமை வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பிறகே குழுவில் வரும். பணம் போவது சேகரத்தின் வங்கிக் கணக்குக்கு. ஒருவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாயும் இல்லை. உண்டியல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையை ஒவ்வொரு ஞாயிறும் பொருளாளர் ஸ்கேன் செய்து, சேகரத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்கிறார். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போக ஒரு நிமிடம் போதும்.

பென்ஷன் வாங்கும் வாத்தியார்மார், டீச்சர்மார் நம் சபையில் நிறைய இருக்கிறீர்கள். உங்களைத்தான் தேடி வருகிறார்கள். பணம் வாங்க யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. எண்ணை அடிக்கச் சொன்னாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று ஏதோ ஃபைல் வந்து, திறந்தால் "இன்ஸ்டால்" என்று கேட்டால், அது அழைப்பிதழ் இல்லை. போலீஸ் வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. ஆறு இலக்க எண் ஒன்று எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தால், அதைக் கேட்பவர் ஐயர் குரலில் பேசினாலும் சொல்லாதீர்கள். அந்த எண் போனால் உங்கள் வாட்ஸ்அப் அவன் கைக்குப் போகும், உங்கள் பெயரில் அவன் மற்ற தாய்மாரிடம் கேட்பான். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. மகனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டு மறுநாள் சொன்ன ஒரு டீச்சரம்மாவை எனக்குத் தெரியும். ஏமாந்தவர்களை நாம் கேலி செய்கிற சபையாக இருந்தால் அடுத்தவர் நம்மிடம் சொல்லவே மாட்டார்.

ஃபார்வேர்டு செய்திகள். ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளை நாளை தூக்கிலிடப்போகிறார்கள், உடனே ஜெபியுங்கள், இருபது பேருக்கு அனுப்புங்கள் என்று உங்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? கை தூக்குங்கள். பாருங்கள், பாதிக்கு மேல். அந்தச் செய்தி பத்து வருடத்துக்கும் மேலாக ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதில் 'நாளை' என்று இருக்கும், தேதி இருக்காது. 2007-இல் தென்கொரியச் சபையைச் சேர்ந்த 23 பேர் அங்கே கடத்தப்பட்டதும், அவர்களில் இருவர் கொல்லப்பட்டதும், மற்றவர்கள் மீண்டதும் நடந்த உண்மை. அந்த உண்மையான துக்கத்தின் மேல் இந்தப் பொய் உட்கார்ந்திருக்கிறது. "ஜெபிக்கத்தானே சொன்னோம், என்ன நஷ்டம்?" என்பார்கள். நம் ஜெபத்தைப் பொய்யின் மேல் எழுப்புவதே நஷ்டம்தான். அதற்கும் மேல், நல்லதுக்குத்தான் என்று விசாரிக்காமல் அனுப்பிப் பழகிய விரல், கெட்ட செய்தியையும் அதே வேகத்தில் அனுப்பிவிடும்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் பரவிக்கிடந்த நாட்கள். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு முதிய தாயார், வழியில் ஒரு குழந்தைக்கு சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. அந்த வருடம் நாடெங்கும் இப்படி உயிர்கள் போன பிறகுதான், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கம்பெனி கட்டுப்பாடு வைத்தது. அந்த ஆடியோவை அனுப்பியவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளை நினைத்துப் பயந்த தாய்மார். சபைக் குழுவில் வரும் செய்திக்கு வெளியே இல்லாத ஒரு கனம் உண்டு. 'கோயில் குரூப்பிலேயே வந்தது' என்று சொல்வார்கள். எனவே இரட்டை அம்புக்குறியோடு வரும் எதையும் நம் குழுவில் போடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். நேரில் போய்ப் பேசினோம். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

சபைத் தேர்தல் காலத்துச் சண்டையைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு மனமில்லை. கமிட்டிக்கு நிற்கிற ஒருவரைப் பற்றி மற்றவர் ஃபேஸ்புக்கில் எழுதியதை அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அது மட்டும் தெரிந்தால் போதும். சகோதரன் தவறு செய்தால் முதலில் தனியே போய்ச் சொல், கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப் போ, அதற்கும் பிறகே சபைக்குத் தெரிவி என்று ஆண்டவர் காட்டிய வரிசை மத்தேயு பதினெட்டில் இருக்கிறது. நாம் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறோம். கோபமாக எழுதத் தோன்றினால் பைக்கை எடுத்து அவர் வீட்டுக்குப் போங்கள். நம் ஊரில் எந்த வீடும் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை.

அந்தத் தாயார் எட்டு மாதம் ஆலயத்துக்கு வரவில்லை என்று சொன்னேன் அல்லவா. அதன் பிறகு வந்தார்கள். வந்ததும் என்னிடம் ஒரு யோசனை சொன்னார்கள். வாசலில் நீங்கள் பார்த்த மரப்பெட்டி அவர்கள் யோசனைதான். பக்கத்தில் சீட்டு இருக்கிறது. ஜெபக்குறிப்பை எழுதி, கீழே உள்ள இரண்டு கட்டத்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: 'ஐயருக்கு மட்டும்', 'சபை முழுவதுக்கும்'. பெட்டியின் சாவி ஐயரம்மாவிடம். படித்த சீட்டை அவர்கள் அடுப்பில் போட்டுவிடுவார்கள். பெட்டி வைத்த முதல் ஞாயிறு பத்தொன்பது சீட்டு விழுந்தது. அதில் பதினாறில் 'ஐயருக்கு மட்டும்' என்று குறித்திருந்ததாக அவர்கள் என்னிடம் சொன்னார்கள்; எழுதியிருந்தது என்ன என்று நானும் கேட்கவில்லை. அதுவரை அந்தப் பதினாறு பேரும் நம் குழுவில் ஆமென் போட்டுக்கொண்டு, தங்கள் காரியத்தைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் போனை எடுத்துக்கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்புக்கு இரண்டாம் பூட்டாக ஆறு இலக்க எண் ஒன்று வைக்க வழி இருக்கிறது. எங்கே தொட வேண்டும் என்று காட்டித் தருவார்கள். உங்களைக் கேட்காமல் யாரும் எந்தக் குழுவிலும் சேர்க்காதபடி மாற்றியும் தருவார்கள். எண்ணை நீங்களேதான் போட வேண்டும். பிள்ளைகளே, அவர்கள் எண்ணை அழுத்தும்போது நீங்கள் முகத்தைத் திருப்பி ஆலயத்தைப் பார்த்து நில்லுங்கள்.